அப்பாவின் ‘கேன், கேன்’: எல்டர்ஷீல்ட் நிராகரிப்புக்கு மேல்முறையீடு செய்த கதை

எல்டர்ஷீல்ட் என்பது, கடுமையான உடல் இயலாமை வந்தால் மாதாமாதம் பணம் தரும் சிங்கப்பூர்க் காப்புறுதித் திட்டம். அதற்காக அப்பாவை மதிப்பீடு செய்ய வந்த டாக்டர், “அங்கிள், நீங்களே குளிப்பீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். “கேன், கேன்” (can, அதாவது முடியும்) என்றார் அப்பா. சட்டை போடுவது? கேன். கழிவறை? அதுவும் கேன். முப்பது வருடம் துறைமுகத்தில் உழைத்த மனிதர், முன்பின் தெரியாதவரிடம் ‘மகள்தான் எனக்குக் கால் கழுவிவிடுகிறாள்’ என்று சொல்வாரா? போதாததற்கு அன்று காலை நானே அவரைக் குளிப்பாட்டி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, திருநீறு பூசி, மாப்பிள்ளை மாதிரி உட்கார வைத்திருந்தேன். நிராகரிப்புக் கடிதம் வராமல் என்ன செய்யும்?

உங்களுக்கும் அப்படி வந்திருந்தால், மேல்முறையீட்டுக்குக் கெடு ஏதும் போட்டிருக்கிறார்களா என்று முதலில் கடிதத்தில் பாருங்கள். புரியாவிட்டால், இந்த விண்ணப்பங்களைக் கவனிக்கும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பான ஏஐசி-யின் (AIC) 1800 650 6060 எண்ணை அழைத்து, எந்தெந்தச் செயலை உங்கள் வீட்டுப் பெரியவர் தானே செய்வதாகப் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். மறுக்க வேண்டியது அதைத்தான். ஸ்ட்ரோக், சர்க்கரை, பிரஷர் என்று நோய்களை அடுக்கிப் பயனில்லை.

எல்டர்ஷீல்ட், அதற்கு அடுத்து வந்த புதிய திட்டமான கேர்ஷீல்ட் லைஃப் இரண்டுக்கும் அளவுகோல் ஒன்றே. குளித்தல், உடுத்துதல், சாப்பிடுதல், கழிவறை, வீட்டுக்குள் நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் என்று ஆறு செயல்கள். இவற்றில் மூன்றையாவது எப்போதுமே இன்னொருவர் கைத்துணை இல்லாமல் செய்ய முடியாத நிலை இருக்க வேண்டும். வாக்கர் பிடித்துத் தானே நடப்பவருக்கு நடமாட்டம் கணக்கில் சேராது.

அப்புறம் நான் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் வாங்கி, இரண்டு வாரம் எழுதினேன். ‘காலை 6.40. படுக்கையிலிருந்து தூக்கி உட்கார வைக்க நானும் பணிப்பெண்ணும். கையை எடுத்ததும் இடப்பக்கம் சாய்ந்தார். 7.15. குளியல். முதுகு, கால், தலை எல்லாம் நான். அவர் பிடித்திருந்தது கைப்பிடி மட்டும்.’ இப்படித்தான். ‘ரொம்பக் கஷ்டப்படுகிறார்’ என்று எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. கரண்டியால் அப்பா தானே சாப்பிடுவார்; அதையும் மறைக்காமல் எழுதினேன். ஒன்றை ஒப்புக்கொண்டால் மற்றதை நம்புவார்கள் என்பது என் கணக்கு.

மேல்முறையீட்டுக் கடிதம் ஒரே பக்கம். குளித்தல், உடுத்துதல், கழிவறை, இடம் மாறுதல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. கூடவே நோட்டின் நகல், அப்பாவைத் தொடர்ந்து பார்த்துவந்த பிசியோதெரபிஸ்டின் அறிக்கை. ‘நோயாளி ஒத்துழைக்கிறார், முன்னேற்றம் உள்ளது’ என்கிற மாதிரி அறிக்கை வேண்டாம். யார், எந்தச் செயலில், எவ்வளவு உதவ வேண்டியிருக்கிறது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சிலர் தொகுதி எம்பி-யை (நாடாளுமன்ற உறுப்பினரை) பார்த்தும் கடிதம் வாங்குகிறார்கள். வாங்கலாம், ஆனால் மருத்துவச் சான்று இல்லாமல் அது தனியாக நிற்காது.

மறுமதிப்பீட்டுக்கு வீட்டுக்கே வரச் சொன்னோம். அதற்குக் கட்டணம் 250 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), கிளினிக் என்றால் 100. தகுதி கிடைத்துவிட்டால் கட்டணம் திரும்ப வரும். இந்த முறை அப்பாவுக்கு வீட்டு பனியன், கைலிதான். முதல் நாள் இரவே அவரிடம், “வெட்கப்படாதீங்கப்பா, 2002-லிருந்து பிரீமியம் கட்டியிருக்கீங்க, யாரும் பிச்சை போடலை” என்று சொல்லி வைத்தேன். டாக்டர் கேட்டதும் வழக்கம்போல் “கேன்” என்றார். நான் குறுக்கே பேசாமல், “சரிப்பா, எழுந்து காட்டுங்க” என்றேன், பிடித்துக்கொள்ளத் தயாராக அருகில் நின்றபடி. மூன்று முறை முயன்றார். டாக்டர் எழுதிக்கொண்டார்.

இதற்கிடையே அரசு தரும் வீட்டுப் பராமரிப்பு மானியத்துக்கும் (Home Caregiving Grant) விண்ணப்பித்துவிடுங்கள். அதற்கும் மூன்று செயல்கள்தான், ஆனால் ஓரளவு உதவி தேவைப்பட்டாலே போதும்; குடும்ப வருமானத்தையும் பார்ப்பார்கள். உடல்நிலை பிறகு மோசமானால் பழைய மேல்முறையீட்டையே இழுக்காமல் புதிதாக விண்ணப்பிப்பது மேல்.

அப்பாவுக்கு இப்போது மாதம் 300 வெள்ளி வருகிறது, மொத்தம் 60 மாதம். அதில் பெரும்பகுதி டயப்பருக்கே போகிறது.