கருவி மாறினாலும் காலாவதியாகாத சட்டம்: மசோதாவுக்குச் சங்கங்கள் கருத்து எழுதும் முறை

காலைப் பிரட்டில் (வேலைக்கு முன் ஆள் கூடும் இடத்தில்) பெயர் கூப்பிட்டுச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறிக்கும் வழக்கம் மறைந்து, மலேசியாவின் பல தோட்டங்களில் விரல்ரேகைக் கருவியும் முகத்தைப் படம்பிடிக்கும் கருவியும் வந்துவிட்டன. 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டத்தின் 'உணர்திறன் மிக்க தரவு' (கூடுதல் பாதுகாப்புப் பெறும் தரவு) பட்டியலில் விரல்ரேகையும் முகப்பதிவும் இல்லை. 2024-இல் செய்த திருத்தம்தான் அவற்றைச் சேர்த்தது. அதுவும் 2025 ஏப்ரல் 1-இல்தான் அமலுக்கு வந்தது. அடுத்த கருவிக்கும் இவ்வளவு காலம் காத்திருக்காமல் இருக்க வேண்டுமானால், சட்டம் மசோதாவாக இருக்கும்போதே பேச வேண்டும். சுங்கை சிப்புட், பாகாவ் போன்ற பட்டணங்களின் கோயில் நிர்வாகமோ கூட்டுறவுக் கிளையோ இதைச் செய்யலாம். நாலு பேர், இரண்டு மாலை, மலாய் நன்றாக எழுதத் தெரிந்த ஒருவர் போதும்.

முதலில் நேரம். மக்களவையில் முதல் வாசிப்பில் மசோதாவின் தலைப்பு மட்டுமே வாசிக்கப்படும். விவாதம் இரண்டாம் வாசிப்பில். பிரிவு பிரிவாகத் திருத்துவது குழு நிலையில். ஆனால் வாசிப்புத் தொடங்கிவிட்டால் கதவு பாதி மூடியதாகவே கொள்ளுங்கள். 2018-இல் பொய்ச்செய்தித் தடுப்பு மசோதா மார்ச் 26-இல் தாக்கலாகி ஏப்ரல் 2-இல் மக்களவையில் நிறைவேறியது. அதை ரத்துச் செய்யும் மசோதாவை மேலவை ஒரு முறை தடுத்ததால், ரத்து 2019 கடைசி வரை இழுத்தது. ஆகவே வரைவுச் சட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்கும், மலேசிய உற்பத்தித்திறன் கழகத்தின் பொதுக் கலந்தாய்வு இணையத்தளத்தை மாதம் ஒரு முறையாவது பார்க்க ஒருவரை நியமியுங்கள். மசோதா தாக்கலான பிறகு தெரியவந்தால், எழுதியதைத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுத்துக் குழு நிலையில் எழுப்பச் சொல்வதே மிச்சமுள்ள வழி.

மசோதாவைப் பின்னாலிருந்து படியுங்கள். கடைசியில் 'ஹுராயான்' என்ற விளக்கவுரை இருக்கும். எந்தப் பிரிவு எதற்கு என்பது அங்கே எளிதாகத் தெரியும். அதன்பின் சொல் விளக்கப் பிரிவுக்கு வாருங்கள். சட்டம் கிழடாவது பெரும்பாலும் இங்கேதான். 1997 கணினிக் குற்றச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தரவைச் செயல்படுத்தும் கருவி என்று வேலையை வைத்துக் கணினியை விளக்கியதால், இன்றைய கைத்தொலைபேசிக்கும் அது பொருந்துகிறது. அதே விளக்கம் தானியங்கித் தட்டச்சுப் பொறி கணினி ஆகாது என்று ஒரு விலக்கும் வைத்திருக்கிறது. இன்று அது அருங்காட்சியகச் சரக்கு. மசோதாவில் கருவியின் பெயரோ செயலியின் பெயரோ வரும் இடமெல்லாம் கோடு போடுங்கள். அந்தப் பெயரை எடுத்துவிட்டு, அது செய்யும் வேலையையோ அதனால் வரும் தீங்கையோ எழுதிப் பாருங்கள்.

அடுத்து, எது எந்த அடுக்கில் இருக்கிறது என்று பாருங்கள். உரிமை, பொறுப்பாளி, தண்டனையின் உச்சவரம்பு ஆகியவை சட்டத்திலேயே இருக்க வேண்டும். அடிக்கடி மாறும் எண்கள் அமைச்சரின் விதிமுறைக்கோ, சட்டத்தை நடைமுறைப்படுத்தும் ஆணையரின் வழிகாட்டிக்கோ போகலாம். தரவுக் கசிவை 'இயன்ற விரைவில்' தனிநபர் தரவு பாதுகாப்பு ஆணையருக்கு அறிவிக்க வேண்டும் என்றுதான் 2024 தரவு பாதுகாப்புத் திருத்தச் சட்டம் சொல்கிறது; 72 மணி நேரம் என்ற கெடு வழிகாட்டியில் இருக்கிறது. நாளைக்கு 24 மணி நேரமாக்க நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை.

இதில் ஒரு கண்ணி உண்டு. எல்லாவற்றையும் கீழே தள்ளினால் சட்டம் வெற்றுக் காசோலையாகிவிடும். வழிகாட்டியை மக்களவை விவாதித்து நிறைவேற்றுவதில்லை. ஆகவே இரண்டு வரி கேளுங்கள்: விதிமுறை போடுமுன் பொதுக் கலந்தாய்வு, அமலாகி மூன்றாண்டுக்குள் மறுஆய்வு அறிக்கை மக்களவை மேசையில். நீக்குப்போக்கு வேறு, மழுப்பல் வேறு. 1998 தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவில் 'ஜெலிக்' (அருவருப்பூட்டும்) என்ற ஒற்றை மலாய்ச் சொல் எதையும் பிடிக்கும் வலையாக இருந்தது. 2025 திருத்தத்தில்தான் அது 'ஜெலிக் மெலாம்பாவ்' (மிகையாக அருவருப்பூட்டும்) ஆனது, விளக்கமும் சேர்ந்தது.

எழுதும்போது இரண்டு பக்கத்தைத் தாண்டாதீர்கள். பிரிவு எண், இப்போதைய வாசகம், களத்தில் என்ன ஆகும், மாற்று வாசகம் என்ற வரிசை போதும். மாற்று வாசகம் இல்லாத கடிதம் வெறும் புகார். உதாரணமாக: "வருகைப் பதிவுக்காக எடுத்த உடலடையாளத் தரவு, வேலை முடிந்த 30 நாளுக்குள் அழிக்கப்பட வேண்டும், வேறு நோக்கத்துக்குத் தொழிலாளியின் தனிச் சம்மதம் வேண்டும்." 30 என்ற எண்ணைச் சட்டத்தின் பின்னால் வரும் அட்டவணையில் வைக்கச் சொன்னால் பிறகு மாற்றுவது சுலபம். சான்றுக்காகத் தொழிலாளர்களின் அடையாள அட்டை எண்ணையோ படத்தையோ இணைத்துவிடாதீர்கள். தரவுப் பாதுகாப்பு கேட்கும் கடிதத்திலேயே தரவைக் கசியவிட்ட கதையாகும்.

தரவு யார் கைக்குப் போகிறது என்பதையும் கேளுங்கள். 2010 தரவு பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. அரசு அமைப்புக்குப் போகும் தகவலுக்கு இந்தச் சட்டத்தைக் காட்டி எழுதிப் பயனில்லை.

மசோதா நிறைவேறியதும் கோப்பை மூடிவிடாதீர்கள். 'அமைச்சர் குறிக்கும் தேதியில் அமலாகும்' என்ற துணைப்பிரிவு முதல் பக்கத்திலேயே இருக்கும். 2010 சட்டம் அப்படித்தான் 2013 நவம்பர் 15 வரை காத்திருந்தது. 2024 திருத்தம் 2025 ஜனவரி, ஏப்ரல், ஜூன் என மூன்று தவணையில் வந்தது. அரசாங்கப் பதிவேட்டில் வரும் தேதியைப் பிரிவுவாரியாகக் குறித்து, சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.