இரட்டிக்காத ஆப்ஷன் விலை

புட் ஆப்ஷன் என்பது ஒரு பங்கை முன்பே குறித்த விலைக்கு (ஸ்ட்ரைக் விலை) விற்கும் உரிமை. அதன் விலையைக் கணிக்க உதவும் பிளாக்-ஷோல்ஸ் சமன்பாட்டைத் தீர்க்கும் நிரல் எழுதினேன். பங்கு விலை 100, ஸ்ட்ரைக் விலை 100 என்றால் சரியாக வந்தது. இரண்டையும் 200 ஆக்கினால் விடையும் அப்படியே இரட்டிக்க வேண்டும். சமன்பாட்டின் அளவுமாற்றச் சமச்சீர் அது. எனக்கோ குறைவாக வந்தது. இரண்டு நாள் ஏற்ற இறக்க அளவையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் கண்ணில் பட்டது: பங்கு விலைகளைப் புள்ளிகளாகப் பிரித்துக் கணக்கிடும் கட்டத்தின் மேல் எல்லையை 300 என்று நிலையாக வைத்து, அங்கே மதிப்பு 0 என்று எழுதியிருந்தேன். ஸ்ட்ரைக் 100 என்றால் அது வெகுதூரம். 200 என்றால் பக்கத்திலேயே இருக்கிறது; அங்கே மதிப்பு இன்னும் 0 ஆகியிருக்காது. பங்கு விலையை ஸ்ட்ரைக்கால் வகுத்து, மடக்கை எடுத்து, அந்த மாறியில் கட்டத்தை மாற்றி அமைத்தேன். சமச்சீர் நிரலுக்குள்ளேயே வந்துவிட்டது. இப்போது 2 மடங்கோ 7 மடங்கோ, விடை பிசகாமல் பொருந்துகிறது. புதிதாக எந்த நிரல் எழுதினாலும் முதலில் இந்தச் சோதனையைத்தான் ஓட்டுகிறேன்.