சத்தம் வருது, படம் வரலை: கல்யாண வீடியோவை இலவச டிகோடரால் ஓட வைத்தது எப்படி

சித்தப்பா பெண்ணுக்குப் போன தை மாதம் காரிமங்கலத்தில் கல்யாணம். வீடியோக்காரர் இரண்டு மாதம் இழுத்தடித்து ஒரு பென் டிரைவ் கொடுத்தார். பாலக்கோட்டில் எங்கள் வீட்டுக் கணினியில் செருகி, ஆயாவை முன்னால் உட்கார வைத்து ஓட்டினேன். நாதஸ்வரம் கணீரென்று கேட்கிறது, திரை மட்டும் கறுப்பு. "மேளம் கேக்குது, பொண்ணு எங்கடா?" என்றார் ஆயா. கணினியோடு வந்த பிளேயரோ காசு கொடுத்து ஒரு நீட்சி (கூடுதல் மென்பொருள்) வாங்கச் சொன்னது. டிகோடர், அதாவது சுருக்கி வைத்த வீடியோவைப் பிரித்துப் படமாகக் காட்டும் மென்பொருள், ஒன்றை இலவசமாகப் போட்டுப் பைசா செலவில்லாமல் தீர்த்தேன், ஆனால் இரண்டு ராத்திரி போனது. உங்களுக்கு அரைமணி நேரத்தில் முடியட்டும்.

என்னுடையது 4ஆம் தலைமுறை இன்டெல் ஐ3, விண்டோஸ் 10.

படி 1: உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ஃபைல் பெயரின் கடைசியில் எம்பி4 என்று இருந்தால் ஓடிவிடும் என்று நினைப்பதுதான் முதல் தப்பு. எம்பி4, எம்கேவி எல்லாம் வெறும் பெட்டி. கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் ஒரே மாதிரி கிரேட்டில் செந்தூராவும் வரும், பெங்களூராவும் வரும். மூடியைத் திறந்தால்தான் தெரியும். திறந்து பார்க்க மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவி போதும். விஎல்சி பிளேயர் இருந்தால் வீடியோ ஓடும்போது கன்ட்ரோல், ஜே இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். என் ஃபைலில் 'எச்இவிசி' என்று வந்தது. அதாவது எச்.265, 2013இல் வந்த சுருக்கமுறை. 2003இல் வந்த எச்.264ஐவிட இடம் குறைவாகப் பிடிக்கும், ஆனால் பிரித்துக் காட்டக் கணினி அதிகம் உழைக்க வேண்டும்.

படி 2: டிகோடர்

எல்ஏவி ஃபில்டர்ஸ் என்பது எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருள் திட்டத்தின் நிரல் நூலகத்தை வைத்துச் செய்த இலவச, திறமூல டிகோடர். இதைத் தனியாக இறக்காதீர்கள். எம்பிசி-எச்சி என்ற பிளேயருக்குள்ளேயே அது இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: அந்தப் பிளேயரின் பழைய குழு 2017இல் 1.7.13 பதிப்போடு வேலையை நிறுத்திவிட்டது. இப்போது கிட்ஹப் என்ற மென்பொருள் தளத்தில் சிஎல்எஸ்ஐடி2 என்ற கணக்கில் தொடர்கிறார்கள், அங்கிருந்து எடுங்கள். 'எல்லா கோடெக்கும் (வீடியோவைச் சுருக்கிப் பிரிக்கும் மென்பொருள்) ஒரே பொட்டலத்தில்' என்று எவனாவது நீட்டினால் வாங்காதீர்கள். ஒரு வேலைக்கு நாலு டிகோடர் இருந்தால், எது வேலை செய்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிடும்.

நான் முதலில் எல்ஏவியைத் தனியாகத்தான் போட்டேன். 32 பிட், 64 பிட் இரண்டும் போட்டுப் பழைய பிளேயரிலேயே திறந்தேன். அதே கறுப்பு. அழித்துவிட்டு மறுபடி போட்டேன், மறுபடியும் கறுப்பு. அப்புறம்தான் புரிந்தது: விண்டோஸ் 7 முதல் கணினியோடு வரும் பிளேயர் எம்பி4 ஃபைலை மீடியா ஃபவுண்டேஷன் என்ற வழியில் திறக்கிறது. எல்ஏவி இருப்பதோ டைரக்ட்ஷோ என்ற வேறு வழியில். விருந்தாளி தெற்கு வாசலில் நிற்க, நான் வடக்கு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன்.

படி 3: என்னைக் கவிழ்த்த இடம்

எம்பிசி-எச்சியில் படம் வந்தது. ஆனால் தாலி கட்டும் இடத்தில் மாப்பிள்ளையின் கை திக்கித் திக்கி நகர்கிறது, சத்தம் முன்னே ஓடுகிறது. ஹார்ட்வேர் உதவியை, அதாவது வீடியோவைப் பிரிக்கும் வேலையை கிராபிக்ஸ் சிப்பிடம் விடும் வசதியைப் போட்டால் வேகமாக ஓடும் என்று நண்பன் சொன்னதைக் கேட்டு, நானே அதைப் போட்டு வைத்திருந்தேன். வினையே அதுதான்.

எச்இவிசியை முழுதாகப் பிரிக்கும் பகுதி இன்டெல் சிப்பில் 6ஆம் தலைமுறையிலிருந்துதான் உண்டு. நிறங்களை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 10 பிட் வகைக்கு 7ஆம் தலைமுறை வேண்டும். 4, 5ஆம் தலைமுறைகளில் கிராபிக்ஸ் டிரைவர் மென்பொருள் பாதியை கிராபிக்ஸிடமும் பாதியை புராசஸரிடமும் தள்ளி ஒப்பேற்றும். என் கணினியில் அது தள்ளாடியது.

மாற்றும் வழி இது. பிளேயரில் ஓ என்ற எழுத்தை அழுத்துங்கள், ஆப்ஷன்ஸ் திறக்கும். இன்டர்னல் ஃபில்டர்ஸ் பக்கத்தில் வீடியோ டிகோடர் என்ற பட்டனைத் தட்டுங்கள். 'ஹார்ட்வேர் டிகோடர் டு யூஸ்' என்ற இடத்தில் 'நன்' (எதுவும் வேண்டாம்) வையுங்கள். வீடியோவை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தால்தான் மாற்றம் பிடிக்கும். இதை மறந்து அரைமணி நேரம் நான் வேறெதையோ நோண்டிக்கொண்டிருந்தேன். ஓடும்போது ரைட் கிளிக் செய்து, ஃபில்டர்ஸ், எல்ஏவி வீடியோ டிகோடர் என்று போனால் 'ஆக்டிவ் டிகோடர்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 'ஏவிகோடெக்' என்று இருந்தால் முழு வேலையையும் மென்பொருளே செய்கிறது என்று அர்த்தம்.

என் 1080 வீடியோ அதற்குப் பிறகு வழுக்கிக்கொண்டு ஓடியது. ஃபேன் சத்தம் கொஞ்சம் கூடும், பரவாயில்லை. 7ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல் கணினி வைத்திருப்பவர்கள் இதற்கு நேர்மாறாக அதே இடத்தில் 'டி3டி11' என்ற ஹார்ட்வேர் வழியை வையுங்கள், சூடு குறையும். 4கே வீடியோவைப் பழைய ஐ3இல் மென்பொருளால் ஓட்டும் ஆசை வேண்டாம். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளைப் போட்டு 1080 எச்.264 ஆக மாற்றிவிடுங்கள். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம், கரண்ட் போகாமல் இருந்தால்.

பிறகு சேர்த்தது

ஓசூரிலிருந்து ஒருவர், ஐபோனில் எடுத்த வீடியோ ஓடுகிறது, ஆனால் நிறம் சாம்பல் பூசியது போல இருக்கிறது என்று கேட்டிருந்தார். அது டிகோடர் பிரச்சினை இல்லை. ஐபோன் 12 முதல் எச்டிஆர் என்ற கூடுதல் வெளிச்ச, நிற வகையில் எடுக்க முடியும், சாதாரண மானிட்டரில் அது வெளுத்துத் தெரியும். ஆப்ஷன்ஸில் பிளேபேக், அவுட்புட் போய் 'எம்பிசி வீடியோ ரெண்டரர்' தேர்ந்தெடுங்கள். இனி எடுப்பதற்கு போனின் கேமரா அமைப்பில் எச்டிஆர் வீடியோவை அணைத்துவிட்டால் வேலை மிச்சம்.

பென் டிரைவை நேராக டிவியில் செருகிப் படம் வராதவர்களுக்கு: டிவிக்குள் நாம் டிகோடர் போட முடியாது. எச்டிஎம்ஐ வயர் போட்டுக் கணினியிலிருந்து காட்டுங்கள், இல்லையென்றால் அதே ஹேண்ட்பிரேக்தான். எங்கள் வீட்டில் வயர்தான் போட்டோம். ஆயா மூன்று மணி நேர வீடியோவையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு, பந்தியில் தன்னை ஒரு இடத்திலும் காட்டவில்லையே என்று கேட்டார். அதற்கு என்னிடம் டிகோடர் இல்லை.