பழைய பஸ்ஸுக்கு சென்சர் பூட்டி, நடுவழியில நிக்க முதலே பிழையைப் பிடிக்கிறது எப்பிடி

வன்னியில ஒரு பஸ் நடுவழியில நிண்டா அது வெறும் லேட் இல்ல. மாங்குளத்தில இருந்து முல்லைத்தீவு போற ஏ34 றோட்டில ஒட்டுசுட்டானுக்கு இங்கால பஸ் படுத்திட்டுதெண்டா, அதுக்குள்ள கிளினிக்குக்குப் போற அம்மா இருப்பா, சோதனை எழுதப் போற பிள்ளை இருக்கும், அடுத்த பஸ் எப்ப வருமெண்டு ஆருக்கும் தெரியாது. அதாலதான் இதை எழுதுறன். டிப்போக்காரரும் செய்யலாம், ஒரேயொரு பஸ் வச்சு ஓடுற முதலாளியும் செய்யலாம்.

முதல்ல எஞ்சினைப் பாருங்கோ. புதுசெண்டா கொம்பியூட்டர் இருக்கும், ஜே1939 எண்ட லைனில வெப்பம், ஒயில் பிரசர் எல்லாம் தானா வரும், அதுக்குரிய ரீடர் வாங்கினாக் காணும். காருக்கு விக்கிற மலிவு ஸ்கானரைக் கொண்டுபோய் பஸ்ஸின்ர 24 வோல்ற்றில கொழுவாதேங்கோ. பழைய பம்ப் எஞ்சின் எண்டா ஒண்டும் இல்ல, நாங்களேதான் பூட்ட வேணும். எல்லாத்துக்கும் பூட்ட வெளிக்கிட்டா ஒண்டையும் பாக்க மாட்டியள், அதால ரெண்டோட தொடங்குங்கோ: எஞ்சின் தண்ணியின்ர சூடு, பற்றரி வோல்ற்றேச்.

ஈஎஸ்பி32 எண்ட சின்னக் கொம்பியூட்டர் போர்ட் ஒண்டு, டிஎஸ்18பி20 வெப்ப சென்சர் ஒண்டு, மெமறி காட், 24 வோல்ற்றை 5 ஆக்கிற கொன்வேற்றர், பியூஸ், கொஞ்ச ரெசிஸ்ரர், முக்கியமா இவ்வளவும் வேணும். சென்சரை தேமோஸ்ராற் (தண்ணி சூடானாப் பிறகு திறக்கிற வால்வ்) மூடியில, மேல் ஹோஸ் வெளிக்கிடுற இடத்தில இறுக்கிக் கட்டி மேலால சுத்தி மூடுங்கோ, சைலன்சர் பக்கம் வயர் போகக்கூடாது. வெளியால அளக்கிறதால ஒரு சில டிகிரி குறையத்தான் காட்டும், பரவாயில்ல, அந்த பஸ்ஸை அதே பஸ்ஸோடதானே ஒப்பிடப் போறம். வோல்ற்றேச்சை நேர போர்ட்டுக்குக் குடுத்தா எரிஞ்சுபோம், 100 கிலோஓம் ரெசிஸ்ரரை பற்றரிப் பக்கமும் 10 கிலோஓமை ஏர்த் பக்கமும் போட்டு, ரெண்டுக்கும் நடுவில இருந்து எடுத்துக் குடுங்கோ, பிறகு மல்ரிமீற்றரை வச்சு சரிபாருங்கோ. ஓடேக்க 10 செக்கனுக்கு ஒருக்கா பதிஞ்சாக் காணும், ஆனா ஸ்ராற் பண்ணேக்க வோல்ற்றேச்சை செக்கனுக்கு பத்துத் தரமாவது பதிய வேணும், இல்லாட்டி அந்த நேரம் வோல்ற்றேச் விழுறது பிடிபடாது. காட்டு றோட்டுகளில சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், அதால மெமறி காட்டில சேமிச்சு பின்னேரம் கராஜில எடுங்கோ.

முதல் ஒரு மாசம் ஒண்டும் முடிவு பண்ண வேண்டாம், சும்மா பதியட்டும். அதே றூட், அதே நேரம், ஏறக்குறைய அதே சனம், அப்பதான் உங்கட பஸ்ஸின்ர வழமை என்னெண்டு தெரியும். வற்றாப்பளைப் பொங்கல், மடுத் திருவிழா நாளுகளை தனியாக் குறிச்சு வையுங்கோ, அண்டைக்கு சனம் பிதுங்கும், அந்தக் கணக்கு வழமையோட சேரக்கூடாது.

பதிஞ்சதை கிராப்பாப் போட்டா சூட்டுக் கோடு இப்பிடித்தான் இருக்கும்: ஏறும், தேமோஸ்ராற் திறந்த பிறகு மட்டமா ஓடும். அந்த மட்டம் கிழமைக்குக் கிழமை மெல்ல மெல்ல உயர்ந்தா ஏதோ இருக்கு. ஏ9 இல வேகமா ஓடேக்க ஏறி, மெதுவாக்க இறங்குதெண்டா றேடியேற்றர் அடைச்சிருக்கும், செம்மண் புழுதியும் புல்லும் போய் இறுகியிருக்கும், பின்பக்கத்தால தண்ணி அடிச்சுக் கழுவுங்கோ. மறுவளமா, கிறவல் றோட்டில ஊரேக்க ஏறி வேகம் எடுக்க இறங்குதெண்டா றேடியேற்றர் காத்தாடியையும் (ஃபான்) அதின்ர பெல்ற்றையும் பாருங்கோ. சூடு திடீரெண்டு கீழ விழுந்தா சந்தோசப்படாதேங்கோ, தண்ணி போய் சென்சருக்கு சூடு வராமலும் இருக்கலாம், உடன நிப்பாட்டி எஞ்சின் ஆறினாப் பிறகு பாருங்கோ, சுடேக்க மூடி திறக்க வேண்டாம்.

பற்றரி விடிய ஓடாம நிக்கேக்க 25.2 வோல்ற்றுக்கு மேல இருந்தா நல்லம், எஞ்சின் ஓடேக்க 27.5 க்கும் 28.5 க்கும் இடையில. இரவு லைற் போட்டோடன நல்லா இறங்குதெண்டா அல்ரனேற்றர் பெல்ற் தளர்ந்திருக்கும். ஸ்ராற் பண்ணேக்க 19 க்குக் கீழ போகுதெண்டா பற்றரி மாத்த முதல் ரேமினலைக் கழட்டித் துப்பரவாக்குங்கோ, கனக்கப் பேர் இதை விட்டிட்டு சும்மா புதுப் பற்றரி வாங்கிறாங்கள்.

பிரேக் காத்து லைனில ஒண்டும் வெட்டி ஒட்ட வேண்டாம், அது ஆக்களின்ர உயிர். அதுக்குப் பதிலா ரிப் முடிஞ்சு வந்தோடன தூர இருந்து சூடு பாக்கிற தேமோமீற்றரால ஒவ்வொரு சில்லின்ர ஹப்பையும் (நடுப்பகுதி) பாத்து எழுதுங்கோ. கொரோனா நேரம் நெத்தியில பிடிச்சது சரிவராது, அது உடம்புச் சூட்டுக்குத்தான். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் வந்தா பிரேக் பிடிச்சுக்கொண்டு நிக்குது, இல்லாட்டி பேரிங் போகுது.

கடைசியா, ஒரு கொப்பி. சூடு, வோல்ற்றேச் நம்பர் வழமையில இருந்து மாறின திகதி, மெக்கானிக் திறந்து பாத்தது என்ன, மாத்தினது என்ன, எல்லாத்தையும் அதில எழுதுங்கோ. இந்தக் கொப்பி இல்லாட்டி எவ்வளவு பதிஞ்சும் பிரயோசனம் இல்ல, ஏனெண்டா எந்த ஏத்தம் எந்தப் பிழையில முடிஞ்சதெண்டு அதிலதான் இருக்கு. அந்த கிராப்பை றைவருக்கும் காட்டுங்கோ, சத்தம் மாறினதை அவர்தான் முதல் கேப்பார், அதையும் அதே கொப்பியில எழுதச் சொல்லுங்கோ. அவரின்ர சம்பளத்தில பிடிக்கிறதுக்கு மட்டும் இந்த டேற்றாவை எடுக்காதேங்கோ.