மேன் பக்கத்தில் காணாமல் போன வரி

யுனிக்ஸ் கையேட்டுப் பக்கங்களுக்கான வடிவமைப்புக் கட்டளைகளான மேன் (man) மேக்ரோக்களில் ஒரு கையேட்டுப் பக்கம் எழுதி, அதை வடிவமைக்கும் க்ராஃப் (groff) நிரலில் ஓட்டினால், நடுவில் ஒரு வரியையே காணோம். பிழைச் செய்தியும் இல்லை. மூலக் கோப்பில் வரி பத்திரமாக இருந்தது. எடிட்டர் பத்தியை மடித்தபோது, புள்ளியில் தொடங்கும் ஒரு கோப்புப் பெயர் வரியின் தொடக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. முதல் எழுத்து புள்ளியாக இருந்தால் க்ராஃப் அதை மேக்ரோ அழைப்பு என்று எடுத்துக்கொள்ளும்; அந்தப் பெயரில் மேக்ரோ இல்லையென்றால் வரியைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். எச்சரிக்கையை நாமே கேட்டு இயக்கினால்தான் வாயைத் திறக்கும்! ஒற்றை மேற்கோள் குறியில் தொடங்கும் வரிக்கும் இதே கதிதான்.

பெயருக்கு முன்னால் \& போட்டேன். அகலமே இல்லாத, அச்சில் தெரியாத குறி அது. வரி திரும்பி வந்துவிட்டது.

அப்புறம் மேன்டாக் (mandoc) என்ற இன்னொரு கையேட்டு நிரலில், மூலக் கோப்பில் பிழை தேடும் லின்ட் சோதனையையும் ஓட்டினேன். தெரியாத மேக்ரோ எது என்று அது வரி எண்ணோடு சொல்லிவிடுகிறது.