மக்கன் பேடா டப்பாவில் ஒரு கேள்வி

ஏற்கெனவே காதலிப்பவரிடம் காதலர் தினத்துக்கு அழைப்பு விடுக்கும்போது விடை பெரும்பாலும் தெரிந்ததே என்பதால், கேட்கும் விதத்தில்தான் சுவை இருக்கிறது. வேலூர்க்காரர்களுக்கு அதற்கான சரக்கு ஊரிலேயே கிடைக்கிறது. அரசனில்லாத கோட்டை, நீரில்லாத ஆறு, சாமியில்லாத கோயில் என்று நம் ஊரைக் கேலி செய்யும் பழைய பேச்சை ஒரு சீட்டில் எழுதி, அதன் கீழே, 'ஜலகண்டேஸ்வரர் 1981-இலேயே கோயிலுக்குத் திரும்பிவிட்டார், பாலாற்றிலும் எப்போதாவது வெள்ளம் வருகிறது, பிப்ரவரி 14 அன்று நீ வருவாயா?' என்று முடியுங்கள்.

அந்தச் சீட்டை ஆற்காட்டு மக்கன் பேடா டப்பாவில் வைத்துக் கொடுப்பதே என் பரிந்துரை. பேடா ஜீராவில் ஊறியிருக்குமாதலால், சீட்டை அதன் மேலேயே வைத்தால் மை கரைந்துவிடும். (எனக்கு அப்படித்தான் ஆயிற்று, மிஞ்சியிருந்த 'கோயில்' என்ற சொல்லை மட்டும் படித்துவிட்டு, எந்தக் கிழமை போகலாம் என்று அவர் கேட்டார்.) ஆகவே பென்சிலால் எழுதி, சிறிய பிளாஸ்டிக் உறையிலிட்டு, மூடியின் உட்புறத்தில் செல்லோடேப்பால் ஒட்டுங்கள்.

கோட்டை அகழியோரம், வெயில் தாழ்ந்த பிறகு கொடுக்கலாம். நண்பர் கூட்டமும் கைபேசி வீடியோவும் வேண்டாம். மறுக்க நினைப்பவருக்கு அவை சங்கடத்தையே தரும். உங்களுக்கு ஒரு பேடாவை ஊட்டினால் சம்மதம், டப்பாவை மூடிப் பையில் வைத்தால் யோசிக்க அவகாசம் வேண்டும் என்று சீட்டின் பின்புறத்தில் குறிப்பிட்டுவிட்டு, அவர் படித்து முடிக்கும்வரை வாய் திறக்காதிருங்கள்.