எலியாவுக்கு முதலில் தூக்கம், அப்புறம்தான் ஓரேப்

"சரீர முயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது." பல வருடங்களாக எனக்குக் கைகொடுத்த பைபிள் வசனம் இது (1 தீமோத்தேயு 4:8). யாராவது "கொஞ்சம் நடங்களேன்" என்றால் போதும், இதை எடுத்துவிடுவேன். அற்பம் என்றால் கொஞ்சம். ஒன்றுமே இல்லை என்று பவுல் எழுதவில்லை. அந்தக் கொஞ்சத்தைக்கூட நான் செய்யவில்லை என்பது 47 வயதில் சர்க்கரை வந்தபோதுதான் உறைத்தது.

அப்போதும் முழுதாகப் புரியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். வழக்கம்போலக் காலையில் மாத்திரையைப் போட்டேன், சாப்பாட்டை விட்டேன். பதினொரு மணி வாக்கில் கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது, சட்டை தொப்பலாக நனைந்தது. பரிசுத்த ஆவியின் அபிஷேகம் என்று நினைத்து இன்னும் சத்தமாக ஜெபித்தேன். கண்ணைத் திறந்தபோது தரையில் கிடந்தேன். பக்கத்தில் நர்ஸ் வேலை பார்க்கும் ஒரு சகோதரி சர்க்கரைத் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார். "அண்ணே, மாத்திரை போட்டுட்டு யாராவது பட்டினி கிடப்பாங்களா?" என்று கேட்டார். பதில் இல்லை.

அதனால் முதலில் உபவாசத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் உபவாசம் இருக்காதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். நடுக்கம், வியர்வை வந்தால் உடனே உபவாசத்தை முறித்துவிடுங்கள். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், இல்லையென்றால் மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரை கரைத்த தண்ணீர். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இயேசு அந்தரங்கத்தில் உபவாசிக்கச் சொன்னது மனிதர் மெச்சுவதற்காகச் செய்யக்கூடாது என்பதற்காகத்தான், டாக்டரிடம் மறைப்பதற்காக அல்ல. நான் இப்போது வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை முழுக்க போனை அணைத்து வைக்கிறேன். நிஜமாகச் சொன்னால் சாப்பாட்டை விடுவதைவிட இதுதான் கஷ்டம்.

விழுந்து எழுந்த அந்த வாரம் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை வாசித்தேன். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, சாக வேண்டும் என்று கேட்கிறான். தூதன் வருகிறான். நானாக இருந்தால் ஒரு பிரசங்கமாவது வைத்திருப்பேன். தூதன் சொன்னதோ "எழுந்திருந்து போஜனம்பண்ணு", அவ்வளவுதான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் தூங்குகிறான். தூதன் கோபிக்கவில்லை. இரண்டாம் முறை தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான், "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று காரணமும் சொல்கிறான். அதற்குப் பிறகுதான் 40 நாள் நடை, ஓரேப் மலை, அங்கே கர்த்தர் பேசிய மெல்லிய சத்தம் எல்லாம். அன்றைக்கு ஜெபத்துக்கு ஒரு நோட்டு, உடம்புக்கு ஒரு நோட்டு என்று வைத்திருந்த பழக்கத்தை விட்டேன். இப்போது இரண்டுக்கும் ஒரே நோட்டு.

சரி, நடைக்கு வருவோம். பைபிளின் சங்கீத புஸ்தகத்தில் 120 முதல் 134 வரை 15 சங்கீதங்களுக்கு "ஆரோகண சங்கீதம்" என்று தலைப்பு இருக்கும். பண்டிகைக்கு எருசலேமுக்கு ஏறிப்போனவர்கள் வழியில் பாடியவை என்று பொதுவாகச் சொல்வார்கள். நடப்பவர்களுக்கென்றே அமைந்த பாட்டுகளை நான் முப்பது வருடமாக நாற்காலியில் உட்கார்ந்து வாசித்திருக்கிறேன்!

செய்முறை இதுதான். வாரத்துக்கு ஒரு சங்கீதம். அந்த வாரத்து வசனங்களை ஒரு துண்டுக் காகிதத்தில் கையால் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். போனில் வேண்டாம், எடுத்தால் வேறு எங்காவது போய்விடுவீர்கள், நான் போயிருக்கிறேன். முதல் ஐந்து நிமிடம் மெதுவாக, சும்மா நடை. அப்புறம் வேகத்தைக் கூட்டி, வசனத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடங்கள். இதில் ஒரு வசதி உண்டு. மிதமான வேகம் என்றால் பேச முடியும், பாட முடியாது என்று மருத்துவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக" என்பதைச் சொல்ல முடிகிறது, ராகம் போட்டுப் பாட மூச்சு பத்தவில்லை என்றால் வேகம் சரி. பாட வந்தால் இன்னும் கொஞ்சம் எட்டிப் போடுங்கள். சொல்லவே முடியவில்லை என்றால் குறையுங்கள். நெஞ்சு வலித்தால் நடையை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஜெபத்தை வண்டியில் போகும்போது வைத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது கேட்கிறது. முப்பது நிமிடம், ஐந்து நாள். நான் பத்து நிமிடத்தில்தான் ஆரம்பித்தேன்.

வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கும் வேலை கொடுக்கச் சொல்கிறார்கள். முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டு எழும்போது கட்டிலைப் பிடித்துக்கொண்டே எழுவேன், அது எனக்கே வெட்கமாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது, பத்து முறை, இரண்டு சுற்று. மூன்று மாதத்தில் கட்டிலை விட்டேன்.

வேத வாசிப்பில் என் சரித்திரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மொத்தம் 1,189 அதிகாரங்கள், வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்றுக்கு மேல். ஜனவரியில் ஜோராக ஓடும் வண்டி பிப்ரவரியில் லேவியராகமத்தில் நின்றுவிடும். விட்ட நாட்களைச் சேர்த்துப் பிடிக்கப் போய்தான் ஒவ்வொரு முறையும் கவிழ்ந்தேன். இப்போது ஒரு நாளுக்கு ஒரு அதிகாரம். விட்டுப்போனால் போனதுதான், மறுநாள் விட்ட இடத்திலிருந்து ஒன்று. நடைக்கும் இதே சட்டம். நேற்று நடக்கவில்லை என்று இன்று ஒரு மணி நேரம் ஓடினால் நாளைக்கு முட்டி வீங்கும்.

தூக்கத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. புயலில்கூட இயேசு தலையணை வைத்துத் தூங்கினார், மாற்கு அந்தத் தலையணையைக்கூட விடாமல் எழுதியிருக்கிறார். அதிகாலை ஐந்து மணி ஜெபம் வேண்டும் என்றால் இரவு பத்துக்குப் படுத்துவிட வேண்டும். பன்னிரண்டு மணிவரை விழித்திருந்துவிட்டு அலாரத்தோடு சண்டை போடுவதற்கு விசுவாசம் என்று பேர் வைக்காதீர்கள்.

கடைசியாக, ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். "பிரதர், எப்படி இருக்கீங்க" என்றால் "கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும், அதில் ஒன்றும் தெரியாது. என் நண்பர் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இரண்டே கேள்வி கேட்பார்: எத்தனை நாள் நடந்தீங்க? எந்தச் சங்கீதம்? மூன்று வாரமாக ஒரே பதில்தான் சொல்கிறேன். மற்றவை எல்லாம் பத்து வசனத்துக்குள் முடிந்துவிடும், 132 மட்டும் 18 வசனம். போன வாரம் அவர் கேட்காமலே "இன்னும் 132-தானா?" என்றார். பதின்மூன்றாம் வசனத்தில் நிற்கிறேன்.